ஆசை குறைந்தால் அமுக்கரா போதுமா?

முழங்கால் வலிக்கு மருந்து வாங்க வந்தவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எழுந்து கதவு வரைக்கும் போவார். செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு திரும்பிப் பார்த்து, "டாக்டர்... அந்த விஷயத்துக்கு ஏதாவது சூரணம், லேகியம்..." என்று இழுப்பார். வாக்கியத்தை முடிக்கவே மாட்டார். பெண்கள் அந்த அளவுக்குக்கூட வாய் திறப்பதில்லை. "உடம்பெல்லாம் ஒரே அசதியா இருக்கு டாக்டர், எதுலயும் பிடிப்பு இல்லை" என்பார்கள். நாலு கேள்வி கேட்ட பிறகுதான் 'எதுலயும்' என்ற வார்த்தைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்குப் புரியும்.

இப்போது இந்தக் கேள்வியே கொஞ்சம் மாறிவிட்டது. செல்போனில் படித்துவிட்டு வருகிறார்கள். "அமுக்கராவுக்கு சயன்டிஃபிக் ப்ரூஃப் இருக்காமே, வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டானாமே?" என்று கேட்கிறார்கள். இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் எந்த மூலிகைக்கு, யாரிடம் சோதித்தார்கள், எவ்வளவு நாள் கொடுத்தார்கள், எது கூடியது, எது கூடவில்லை என்று பார்க்காமல் 'ப்ரூஃப்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் பணமும் போகும், சில பேருக்கு உடம்பும் போகும். அதனால் சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

ஆசை வேறு, எழுச்சி வேறு!

முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தாம்பத்ய உறவில் நாட்டம் வருவது மனமும் மூளையும் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற வேலை. ஆணுறுப்பு விறைப்பது பெரும்பாலும் ரத்த ஓட்டத்தின் வேலை. விந்தணு எண்ணிக்கை மூன்றாவது சமாச்சாரம். மூன்றையும் நம் ஊரில் 'ஆண்மைக்குறைவு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். 1998-ல் வந்த சில்டெனாஃபில் மாத்திரை, அதாவது வயாகரா, எழுச்சிக்கு உதவுமே தவிர ஆசையை உண்டாக்காது. ஆசை இல்லாதவர் அதைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் தலைவலிதான் மிச்சம். அதேபோல விந்தணு கூடியது என்று வந்த ஆராய்ச்சியைக் காட்டி, ஆசை கூடும் என்று விற்பதும் சரியில்லை. விளம்பரங்களில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் பிழைப்பு நடத்துகின்றன.

பெண்களைப் பொறுத்தவரை இந்த மூட்டையில் அவர்களுக்கு இடமே கிடையாது. 'ஆண்மைக்குறைவு' என்று ஆணுக்காவது ஒரு பெயர் இருக்கிறது. பெண்ணுக்கு ஆசை குறைந்தால் அதற்குப் பெயர்கூட இல்லை. "அவளுக்கு இப்பல்லாம் என் மேல பாசம் இல்லை" என்று கணவர் சொல்லும் புகாராகத்தான் அது நம் காதில் விழுகிறது.

எங்கள் குணபாடத்தில் மூலிகைகளின் செய்கையைச் சொல்லும்போது 'காமம் பெருக்கி' என்று ஒரு வகை உண்டு. அமுக்கரா, பூனைக்காலி, நிலப்பனைக் கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, நெருஞ்சில், நீர்முள்ளி, சாதிக்காய் எல்லாம் இந்த வரிசையில் பேசப்படுகிறவை. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடலைத் தாங்கும் கட்டுகள் ஏழு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று போய்க் கடைசியில்தான் சுக்கிலமும் சுரோணிதமும் வரும். சாப்பிட்ட சாப்பாடு ஒழுங்காகச் செரித்து, முந்தைய ஆறும் தேறினால்தான் ஏழாவது தேறும் என்பது கணக்கு. ஆகவே இந்த மூலிகைகள் ஸ்விட்ச் போட்டதும் எரிகிற பல்பு மாதிரி வேலை செய்யும் என்று நம் நூல்கள் கருதவில்லை. உடம்பு தேறட்டும், உறக்கம் வரட்டும், அப்புறம் நாட்டம் தானாக வரும் என்ற வழி அது.

ஆனால் நூலில் இருக்கிறது என்பதாலேயே நிரூபணம் ஆகிவிடாது. இப்படிச் சொன்னால் என் துறை நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நூலில் உள்ளது பல தலைமுறை அனுபவம். எங்கே தேட வேண்டும் என்று நமக்குக் கை காட்டுகிறது. தேடிப் பார்த்துச் சோதிக்க வேண்டியது நம் வேலை.

வெறும் மாவும் வேலை செய்யும்!

சோதனை எப்படி நடக்கிறது? ஒரு கோஷ்டிக்கு நிஜ மருந்து. இன்னொரு கோஷ்டிக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு அடைத்த குளிகை. யாருக்கு எது போகிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. கடைசியில் பிரித்துப் பார்ப்பார்கள். மற்ற நோய்களைவிட ஆசை விஷயத்தில் இந்த ஏற்பாடு ரொம்பவே முக்கியம். ஏனென்றால், இதில் நம்பிக்கையே பாதி மருந்து! பெண்களின் பாலுறவுக் குறைபாடுகளுக்கான மருந்துச் சோதனைகளைத் தொகுத்து 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிடைத்த பலனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெறும் மாவிலேயே கிடைத்துவிடுகிறது என்று கணக்குச் சொன்னது. 'சிகிச்சை எடுக்கிறோம்' என்ற நினைப்பு, கணவன் மனைவி அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது, எட்டு வாரம் கவனம் அந்தப் பக்கம் திரும்புவது... இவ்வளவும் அந்த மாவுக்குள் இருக்கிறது.

"எங்க சித்தப்பா சாப்பிட்டாரு, நல்லா இருந்துச்சு" என்பது பொய்யில்லை. சித்தப்பாவுக்கு நிஜமாகவே நல்லா இருந்திருக்கும். மூலிகையால்தானா என்பதுதான் கேள்வி.

அமுக்கரா

ஆயுர்வேதத்தில் அஸ்வகந்தா என்பார்கள். இருக்கிற மூலிகைகளில் இதற்குத்தான் ஆராய்ச்சி அதிகம், ஆகவே குழப்பமும் அதிகம்.

2015-ல் இந்தியாவில் 50 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. 300 மில்லிகிராம் செறிவூட்டிய வேர்ச் சாறு, தினம் இரண்டு வேளை, எட்டு வாரம். ஈடுபாடு, கிளர்ச்சி, திருப்தி எல்லாவற்றையும் கேள்வித்தாள் மூலம் மதிப்பிட்டதில், மாவு சாப்பிட்டவர்களைவிட அமுக்கரா சாப்பிட்டவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். 2022-ல் இதே அளவில், இதே எட்டு வாரம், ஆசை குறைவாக இருந்த 50 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் முன்னேற்றம் தெரிந்தது.

அப்படியானால் முடிந்தது விஷயம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2011-ல் ஜாம்நகரில் ஓர் ஆய்வு நடந்தது. மனக் காரணத்தால் எழுச்சிக் குறைவு வந்த ஆண்களுக்கு 60 நாள் அமுக்கரா வேரைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுக்கும் அமுக்கராவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆயுர்வேதக்காரர்களே செய்து, ஆயுர்வேதப் பத்திரிகையிலேயே வெளியிட்ட முடிவு இது. பாதகமான முடிவை மறைக்காமல் போட்டார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

2019-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 40 முதல் 70 வயது வரை, எடை கூடிய, களைப்பாக இருக்கிறது என்று சொன்ன ஆண்கள். அமுக்கரா சாப்பிட்ட காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் மாவு சாப்பிட்ட காலத்தைவிட 14.7 சதவிகிதம் அதிகமாக இருந்தது. 'பார்த்தீர்களா!' என்று விளம்பரக்காரர்கள் குதித்தது இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். அடுத்த வரியை அவர்கள் படிக்கவில்லை. அதே ஆட்களிடம் பாலுறவு நலனில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை என்றும் அந்த ஆய்வே சொல்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் கொஞ்சம் கூடிவிட்டால் படுக்கையறையில் ஆசை கூடிவிடும் என்று கணக்குப் போட முடியாது.

2013-ல் விந்தணு குறைந்த 46 ஆண்களிடம் நடந்த சோதனையில் 90 நாளில் விந்தணு நன்றாகக் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் அது குழந்தைப் பேறு பற்றிய செய்தி, ஆசையைப் பற்றியது இல்லை.

என் கணிப்பைக் கேட்டால், இந்த எல்லாவற்றுக்கும் சாவி 2012-ல் வந்த வேறொரு ஆய்வில் இருக்கிறது. மன அழுத்தம் உள்ள 64 பேர். அதே 300 மில்லிகிராம், இரண்டு வேளை, 60 நாள். டென்ஷன் குறைந்தது. டென்ஷன் ஹார்மோனான கார்ட்டிசாலும் சுமார் 28 சதவிகிதம் இறங்கியது. மனம் பதறிக்கொண்டே இருக்கும்போது உடம்புக்கு மோகம் தோன்றாது. இரவு பதினொன்றரைக்கு ஆபீஸ் ஈ-மெயில் பார்க்கிற கணவனுக்கும், அதிகாலை ஐந்து மணி டிபன் பாக்ஸை நினைத்துக்கொண்டே படுக்கிற மனைவிக்கும் ஆசை குறைந்தால் அதில் என்ன ஆச்சரியம்? டென்ஷனாலும் தூக்கமின்மையாலும் நாட்டம் போனவர்களுக்கு அமுக்கரா பலன் தர வாய்ப்பு அதிகம். ரத்தக் குழாய் அடைப்பாலோ, சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதாலோ கஷ்டப்படுகிறவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. நூல்களும் அமுக்கராவை உறக்கம் தருவது, உடல் தேற்றுவது என்றுதான் முதலில் பேசுகின்றன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற பேச்சே வேண்டாம். 2020-ல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக ஐந்து பேருக்கு அஸ்வகந்தா மாத்திரைகளால் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்ததை டாக்டர்கள் பதிவு செய்தார்கள். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குச் சரியானது. அரிதாக நடப்பதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது. டென்மார்க் நாடு 2023-ல் இதற்குத் தடையே போட்டது. எனக்குத் தெரிந்தவரை அது அதிகப்படி என்றாலும், சாப்பிடும்போது அரிப்போ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவதோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ரத்தம் பரிசோதிக்க வேண்டும். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இன்னொன்று, மருந்துக்கு வேர்தான். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று 2021-ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவில் 'வேர்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நெருஞ்சில், பூனைக்காலி, வெந்தயம்

நம் ஊர்த் தரிசில் காலைக் குத்துகிற நெருஞ்சில், பல்கேரியாவில் 1980களில் மாத்திரையாகிப் பிரபலமானது. டெஸ்டோஸ்டிரோனைத் தாறுமாறாகக் கூட்டும் என்று பளு தூக்குகிறவர்களெல்லாம் விழுங்கினார்கள். அதே பல்கேரியாவில் 2005-ல் 21 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். ஹார்மோன் அசையவே இல்லை. எழுச்சிக்கும் பிரேசிலில் 2014-ல் 30 ஆண்களிடம் பலன் தெரியவில்லை. 2017-ல் பல்கேரியாவில் 180 ஆண்களிடம், மூன்று மாதம் கொடுத்தபோது பலன் தெரிந்தது. எதிர்பாராத இடத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஈரானில் 2014-ல், ஆசை குறைந்த 67 பெண்களிடம் நான்கு வாரம் நெருஞ்சில் கொடுத்துப் பார்த்ததில், மாவைவிட முன்னேற்றம் இருந்தது. ஆண்களுக்கென்று விற்கிற சரக்கு, பெண்களுக்குத்தான் ஒருவேளை அதிகம் உதவுமோ என்று தோன்றுகிறது. சிறிய ஆய்வு; இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா என்ற பொருள் நூற்றுக்கு நான்கைந்து பங்கு இருக்கிறது. பார்கின்சன் நடுக்கத்துக்குக் கொடுக்கிற அதே பொருள்தான். மூளையில் டோபமைனாக மாறும். புரோலாக்டின் என்ற ஹார்மோனை இறக்கும். புரோலாக்டின் ஏறினால் ஆசை படுத்துவிடும் என்பதால் இந்தப் பாதை அறிவுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. லக்னோவில் குழந்தையில்லா ஆண்கள் 75 பேருக்குத் தினம் 5 கிராம் விதைப் பொடி மூன்று மாதம் கொடுத்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் கூடியது, புரோலாக்டின் குறைந்தது, விந்து தரம் நன்றானது. ஆனால் அதில் மாவு கொடுத்த கோஷ்டி இல்லை. எனவே முழுசாக நம்பிவிட முடியாது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், நடுக்கத்துக்கு மருந்து எடுக்கிறவர்களும் பூனைக்காலியைத் தானாகச் சாப்பிடவே கூடாது. விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சுத்தி செய்தது வேண்டும். காயின் மேல் இருக்கும் சுணை பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், குதித்துக் காட்டுவார்கள்.

நம் அடுப்படியில் இருக்கிற வெந்தயத்துக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2011-ல் ஆஸ்திரேலியாவில் 25 முதல் 52 வயது வரை உள்ள 60 ஆண்களுக்கு 600 மில்லிகிராம் வெந்தயச் சாறு ஆறு வாரம் கொடுத்தார்கள். ஆசை கூடியது. 2015-ல் ஆசை குறைந்த 80 பெண்களுக்கு இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக் காலம் அதே அளவு கொடுத்தார்கள். அவர்களுக்கும் கூடியது. ஆனால் சாற்றைத் தயாரிக்கும் கம்பெனியின் ஆதரவோடு நடந்தவை இவை; அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அது செறிவூட்டிய சாறு. 'தினமும் வெந்தயக் குழம்பு வை' என்று மனைவியை நச்சரிப்பதில் பிரயோஜனம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெந்தயச் சாற்றுக் குளிகையையும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும், ஜாக்கிரதை.

குங்குமப்பூவுக்கு ஒரு தனி இடம் கொடுப்பேன். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நோய் குணமாகும், ஆனால் ஆசை போய்விடும். இது ரொம்பப் பேருக்கு நடக்கிற, யாரும் வெளியே சொல்லாத சங்கடம். டெஹ்ரானில் இப்படிப்பட்ட 36 ஆண்களுக்கும், பின்னர் 34 பெண்களுக்கும் தினம் 30 மில்லிகிராம் குங்குமப்பூ நான்கு வாரம் கொடுத்து 2012, 2013-ல் வெளியிட்டார்கள். ஆண்களுக்கு எழுச்சியிலும் திருப்தியிலும், பெண்களுக்குக் கிளர்ச்சியிலும் வறட்சி, வலியிலும் முன்னேற்றம். இரண்டு தரப்பிலும் ஆசை மட்டும் அப்படியொன்றும் கூடவில்லை! நான் சொன்னேனே, ஆசை வேறு, எழுச்சி வேறு.

நிலப்பனைக் கிழங்கு, சாதிக்காய், முருங்கை மூன்றுக்கும் இருக்கிற ஆராய்ச்சி அநேகமாக எலிகளோடு நின்றுவிடுகிறது. சாதிக்காய் கொடுத்த எலிகளின் வேகம் கூடியதாக அலிகாரில் 2005-ல் கண்டார்கள். எலிக்கு வீட்டுக் கடன் கிடையாது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியதும் கிடையாது. அதன் ஆசையை வைத்து நம் ஆசையை அளக்க முடியாது. சாதிக்காய் அளவு மீறினால் படபடப்பும் மனக் குழப்பமும் வரும் என்பது மட்டும் மனிதர்களிடமே பார்த்தது. முருங்கைக்காய்க்கு 1983-ல் பாக்யராஜ் எடுத்த 'முந்தானை முடிச்சு' படம் செய்த விளம்பரத்தை எந்த ஆராய்ச்சிக்கூடமும் செய்ததில்லை! நல்ல காய், நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். கொரியாவின் ஜின்செங் பற்றி ஒன்பது ஆய்வுகளை, 587 ஆண்களைத் தொகுத்து 2021-ல் பார்த்தார்கள். எழுச்சியில் கிடைத்த பலன் அற்பம்தான் என்று முடித்துவிட்டார்கள். பெரு நாட்டின் மாகா கிழங்குக்குச் சின்னச் சின்ன ஆய்வுகள் கொஞ்சம் சாதகமாக இருக்கின்றன. அதைத் தேடி அலைய வேண்டிய அளவுக்கு இல்லை.

அரை மணி நேரத்தில் வேலை செய்தால்...

அது மூலிகை இல்லை! இதை மட்டும் நறுக்கி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்தாலும் சரி.

மேலே சொன்ன ஆய்வுகளைப் பாருங்கள். நாலு வாரம், எட்டு வாரம், மூன்று மாதம். ஒரு வேளை குளிகையில் பலன் காட்டிய மூலிகை ஒன்றாவது இருக்கிறதா? ஆனால் கடைகளிலும் ஆன்லைனிலும் 'நூறு சதவிகிதம் மூலிகை, ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்று' என்று விற்கிறார்கள். அது வேலையும் செய்கிறது. எப்படி? உள்ளே சில்டெனாஃபிலையோ அதன் பங்காளிகளையோ கலந்திருப்பதால்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் 2016 வரை கலப்படம் கண்டுபிடித்த சத்துணவுப் பொருட்கள் 776. அதில் 353, பாலுறவு சக்திக்கு என்று விற்றவை! அங்கேயே அப்படி என்றால் நம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளை நினைத்துப் பாருங்கள்.

கலந்தால் என்ன, பலன் கிடைக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. என்னிடம் வந்த ஒருவர், அறுபது தாண்டியவர், ஓய்வு பெற்றவர். வாய்வுக்கு மருந்து கேட்டு வந்தார். பேச்சோடு பேச்சாக, 'மூலிகைக் குளிகை' ஒன்று சாப்பிட்டதும் தலை பாரமாகி, முகம் ஜிவ்வென்று சிவந்து, எழுச்சியும் வந்தது என்று பெருமையாகச் சொன்னார். நெஞ்சுவலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து சார்பிட்ரேட் மாத்திரையை எடுத்துக் காட்டினார். எனக்கு உடம்பு ஒரு நிமிஷம் சில்லிட்டது. நைட்ரேட் மருந்தும் சில்டெனாஃபிலும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிணற்றில் கல் விழுவது மாதிரி இறங்கும். ஆள் அப்படியே போய்விடக்கூடும். அவர் அதைச் சாப்பிட்ட அன்று நெஞ்சுவலி வராததால் சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைக்கவில்லை. அதனால்தான் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் அந்தக் குளிகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா என்றால், "அது மூலிகைதானே, அதை எதுக்குச் சொல்லணும்?" என்றார். அப்போதே அவருடைய இதய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன்.

பாலுறவு சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ம் வருஷத்துச் சட்டமே தடை செய்திருக்கிறது. அதனால் விளம்பரம் எவ்வளவு சத்தமாக இருக்கிறதோ, அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

ஆசை குறைவது பல சமயம் வேறொன்றின் அறிகுறி. சர்க்கரை, தைராய்டு குறைவு, ரத்தசோகை, புரோலாக்டின் ஏற்றம், மனச்சோர்வு, குடி, குறட்டையோடு கூடிய கெட்ட தூக்கம். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பார்க்கிறதென்றால் காலையில் பார்க்க வேண்டும், இரண்டு தடவை பார்க்க வேண்டும். இரண்டிலும் 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைவு என்று பேசலாம். மாலை நாலு மணிக்கு எடுத்த ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கலங்காதீர்கள்.

வீட்டு மாத்திரைப் பையையும் கொட்டிப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரைகள், அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் சில, நீர் பிரிக்கும் சில மாத்திரைகள், முடி கொட்டாமலிருக்கச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடு, வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் டோம்பெரிடோன் எல்லாமே ஆசையைக் குறைக்கக்கூடியவை. உடனே நிறுத்திவிடாதீர்கள்! எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் பல சமயம் மாற்று மாத்திரை இருக்கும்.

பெண்கள் விஷயத்தில் வலியைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவருக்கு அவர் கணவர் ஏழெட்டு மாதம் தண்ணீர்விட்டான் லேகியம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷர், விலை உயர்ந்த லேகியமாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது வேறு: "எரிச்சல் தாங்கலை டாக்டர். அவர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு. சொன்னா வருத்தப்படுவாரு." மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் வரும் வறட்சி. வலிக்கும் என்று தெரிந்தபின் உடம்பு எப்படி ஆசைப்படும்? பெண் மருத்துவரிடம் அனுப்பினேன். உள்ளே தடவுகிற ஹார்மோன் க்ரீமும், வழவழப்புக்கு ஒரு ஜெல்லும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள், வேறு யாருக்கோ மருந்து கேட்டு. லேகியம் பற்றிப் பேச்சே வரவில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதே வறட்சி வரும். அது நோயில்லை, பால் நிறுத்தினால் போகும். அந்தச் சமயத்தில் மாமியார் சிபாரிசு செய்யும் சூரணங்கள் வேண்டாம்.

எப்படிச் சாப்பிடுவது?

காரணங்களைப் பார்த்தாகிவிட்டது, டென்ஷனும் தூக்கமின்மையும்தான் என்று தெரிகிறது, கல்லீரல், தைராய்டு எல்லாம் சரி என்றால், நான் பெரும்பாலும் கொடுப்பது பாலில் அவித்துச் சுத்தி செய்த அமுக்கரா சேர்ந்த சூரணம்தான். பதிவு பெற்ற சித்த மருத்துவர் உங்களைப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். வழக்கமாக ஒன்று முதல் இரண்டு கிராம் வரை, இரவு சாப்பாட்டுக்குப் பின், வெதுவெதுப்பான பாலில். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தேனில் குழைத்துச் சாப்பிடலாம். ஆய்வுகளில் கொடுத்தது செறிவூட்டிய சாறு, நம்முடையது சூரணம். மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிட வேண்டாம். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மயக்கம் கூடும். பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களை இந்த விஷயத்துக்காக அறிமுகமில்லாதவர்களிடம் வாங்கிச் சாப்பிடுவதை அறவே விடுங்கள். டப்பாவில் மருந்து உரிமம் எண், தயாரித்த தேதி, உட்பொருட்களின் பட்டியல் மூன்றும் இருக்க வேண்டும். 'ரகசிய மூலிகை' என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆரம்பிக்கிற தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். எட்டாவது வாரம் நிறுத்திவிட்டு, தூக்கம் எப்படி, டென்ஷன் எப்படி, நாட்டம் எப்படி என்று கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். தெரியும்படி மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டிச் சாப்பிடாதீர்கள், டப்பாவையும் மாற்றாதீர்கள். அந்தக் காகிதம், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாம், சர்க்கரை, தைராய்டு ரிப்போர்ட்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். போகும்போது இருவருமாகவே போங்கள். கதவருகில் நின்று கேட்காமல், நாற்காலியில் உட்கார்ந்து முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.